கீழாநெல்லி: ஒரு பெயரும் மூன்று இனங்களும்

தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மும்மொழிகளும் வழங்கும் எல்லைப் பகுதி குப்பம். இங்குத் தமிழர் கீழாநெல்லி என்பதைத் தெலுங்கர் நேல உசிரி என்பர். கன்னடர் நெலநெல்லி என்பர். இலையடியில் காய்ப்பதைத் தமிழ்ப்பெயரும், நிலத்தை ஒட்டி வளர்வதைப் பிற இரண்டும் சுட்டுகின்றன. நெல்லியோடு ஒப்புமை காணல் மூன்றற்கும் பொது.

காமாலைக்குரியதாக மரபு போற்றும் இம்மூலிகையைச் சென்னைப் பல்கலைக்கழகத்து எஸ்.பி. தியாகராஜன், நோபல் பரிசு பெற்ற பிளம்பர்க் முதலியோர் ஆராய்ந்தனர். ஹெபடைடிஸ் பி வைரஸைத் தாங்கியோரிடம் நிகழ்த்திய இவ்வாய்வு 1988இல் லான்செட் இதழில் வெளிவந்தது. மூலிகைப்பொடி உண்டோருள் 59 விழுக்காட்டினரிடம் வைரஸின் புறப்பரப்புப் புரதம் குருதியில் மறைந்தது. வெற்று மருந்து உண்டோரிடம் இது 4 விழுக்காடே. எனினும், பிறவிடங்களில் நிகழ்ந்த பிற்கால ஆய்வுகள் பல இம்முடிவை உறுதிசெய்யவில்லை.

இம்முரண்பாட்டை ஆராயுங்கால், உண்ட பயிர் எது என்பதே முதல் வினாவாகும். இந்திய நூல்கள் ‘பில்லாந்தஸ் நிரூரி’ எனக் குறித்தது அமாரஸ், பிரட்டர்னஸ், டெபிலிஸ் என்னும் மூன்று இனங்களின் கலப்பே என மித்ரா, ஜெயின் ஆகியோர் 1985இல் காட்டினர். சென்னை ஆய்வு கொண்டது அமாரஸ்.

எனவே, மருத்துவச் சுவடிகளைப் பதிப்பிப்போர் கீழாநெல்லிக்கு நேராக ஒரு லத்தீன் பெயரை எழுதியமைதல் போதாது. வட்டார வழக்கும் தாவரவியலார் துணையும் கொண்டு இனத்தைத் தெளிதல் வேண்டும். பயிர் தெளியாவிடத்து மருந்தின் மெய்ம்மையும் தெளியாது.