கரையாமை என்னும் பெருமை: முகச்சுருக்க நிரப்பிகளின் வரலாறு

முகச்சுருக்கத்தை ஊசிவழி நிரப்பும் முறை அண்மைக்காலக் கண்டுபிடிப்பு என்ற எண்ணம் பரவலாக உண்டு. அதன் வரலாறோ 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தொடங்கிவிடுகிறது. இடைப்பட்ட காலத்தில் நிரப்பும் பொருள்கள் பலமுறை மாறியுள்ளன. அவற்றை மதிப்பிடும் அளவுகோலும் உடன் மாறியது என்பதே இங்குக் கருதத்தக்கது.

1893இல் ஜெர்மானிய அறுவை மருத்துவர் நொய்பர், கையிலிருந்து எடுத்த கொழுப்பைக் கொண்டு, நோயால் முகத்தில் விழுந்த பள்ளத்தைச் சீரமைத்தார். ஆனால் இடம் மாற்றப்படும் கொழுப்பின் ஒரு பகுதியை உடல் உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்சப்படாத பொருள் ஒன்று கிடைத்தால் இக்குறை நீங்கும் என்ற எதிர்பார்ப்புக்கு அன்று இடமிருந்தது. 1899இல் வியன்னாவில் ராபர்ட் கெர்சுனி, காசநோயால் விதைகளை இழந்த ஒருவருக்கு அவ்விடத்தை நிரப்ப வாசலைனைச் செலுத்தினார். விரைவில் வாசலைனும் பாரஃபினும் முகத்தின் சுருக்கங்களுக்கும் மூக்கின் வடிவத்திற்கும் பயன்படலாயின. உருக்கினால் ஊசியில் ஏறும், உள்ளே சென்றதும் உறையும், விலையும் குறைவு. எல்லாவற்றுக்கும் மேலாக, உடலோடு வினைபுரியாமல் வைத்த இடத்திலேயே நிலைத்திருக்கும் என நம்பப்பட்டது.

அந்நம்பிக்கை பொய்த்தது. பாரஃபின் இடம் பெயர்ந்தது. அதனைச் சுற்றி உடல் கடினமான கட்டிகளை உருவாக்கியது. ‘பாரஃபினோமா’ என்ற பெயரே இவ்வனுபவத்திலிருந்து பிறந்தது. பொருள் இரத்தக் குழாய்க்குள் புகுந்து பார்வை பறிபோன நிகழ்வுகளும் பதிவாயின. அக்காலத்தின் பேரழகியாகக் கொண்டாடப்பட்டவரும் பின்னாளில் மார்ல்பரோ கோமகளானவருமான கிளாடிஸ் டீக்கன், தம் மூக்கின் வடிவத்தைத் திருத்தப் பாரஃபின் ஊசி போட்டுக்கொண்டார். அது கீழிறங்கி முகத்தை உருக்குலைத்தது. முதல் உலகப் போருக்குள் மேலை மருத்துவர்களிடையே இம்முறை பெரிதும் மதிப்பிழந்தது.

ஆயினும் கரையாமையின் மீதான மோகம் அகலவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் திரவ சிலிக்கோன் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் உடலில் செலுத்தப்பட்டது. பாரஃபினுக்குச் சொல்லப்பட்ட அதே புகழுரைகள் இதற்கும் சொல்லப்பட்டன. அதே கேடுகளும் நேர்ந்தன. பல ஆண்டுகள் கழித்துத் தோன்றிய கட்டிகளை, சுற்றியுள்ள தசையோடு அறுத்தெடுப்பதன்றிப் பெரும்பாலும் வேறு வழியில்லை. முகத்தை அழகுபடுத்தத் திரவ சிலிக்கோனைச் செலுத்துவதற்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இன்றுவரை ஒப்புதல் வழங்கியதில்லை.

திருப்பம் 1981இல் நிகழ்ந்தது. மாட்டுத்தோலிலிருந்து பெறப்பட்ட கொலாஜனான ‘சைடெர்ம்’ அவ்வாண்டு அமெரிக்க ஒப்புதல் பெற்றது. சில மாதங்களில் உடல் அதனைச் சிதைத்துவிடும். ஒவ்வாமை ஏற்படக்கூடும் என்பதால் முன்கூட்டியே தோலில் சோதித்துப் பார்க்கவும் வேண்டியிருந்தது. நொய்பர் காலத்தில் குறையாகத் தோன்றிய நிலையாமை, இங்கே ஏற்றுக்கொள்ளத்தக்க விலையாயிற்று.

அடுத்து வந்த ஹயலுரானிக் அமிலம் அதனைச் சிறப்பாகவே மாற்றியது. 1934இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கார்ல் மேயரும் ஜான் பால்மரும் மாட்டுக்கண்ணின் கூழ்மப் பகுதியிலிருந்து இதனைப் பிரித்தெடுத்தனர். கண்ணாடியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே பெயரின் முற்பகுதி. இயல்பான நிலையில் இது திசுக்களில் ஓரிரு நாள்களுக்குள் சிதைந்துவிடும். மூலக்கூறுகளைக் குறுக்கிணைத்துக் கூழாக்கியபோது அதன் ஆயுள் மாதக்கணக்கில் நீண்டது. சுவீடனில் உருவான ‘ரெஸ்டிலேன்’ 2003 டிசம்பரில் அமெரிக்க ஒப்புதலைப் பெற்றது. இதன் தனிச்சிறப்பு வேறொன்று: ஹயலுரானிடேஸ் என்னும் நொதியைச் செலுத்தினால் கூழ் கரைந்துவிடும். தவற்றைத் திருத்தும் வாய்ப்பு முதன்முறையாக மருத்துவர் கைக்கு எட்டியது.

இம்மாற்றம் முழுமையானதன்று. நிலைத்து நிற்கும் நெகிழிக் குறுமணிகளைக் கொண்ட நிரப்பி ஒன்றும் 2006இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. கரையும் கூழும் இரத்தக் குழாயை அடைத்தால் தோல் அழுகலாம், பார்வை போகலாம். திசு இறந்த பின் நொதியால் பயனில்லை. ஆகவே பொருளின் பாதுகாப்பு, அதனைச் செலுத்துபவரின் உடற்கூற்றியல் அறிவிலிருந்து பிரிக்க முடியாதது. சட்டமோ மெதுவாகவே பின்தொடர்கிறது. 18 வயதுக்குட்பட்டோருக்கு அழகு நோக்கில் நிரப்பி ஊசி போடுவதை இங்கிலாந்து தடைசெய்தது 2021 அக்டோபரில்தான்.

புகழுரை ஊசி போட்ட அன்றே கிடைத்துவிடுகிறது. கேடு வெளிப்பட ஆண்டுகள் ஆகின்றன. இவ்விடைவெளியில் திரண்ட மருத்துவ அறிவுக்கு விலை கொடுத்தவை, பெரும்பாலும் பெயர் பதிவாகாத பெண்களின் முகங்களும் உடல்களுமே. ஒவ்வொரு புதிய பொருளும் ‘எவ்வளவு காலம் நிலைக்கும்’ என்ற விளம்பரத்தோடுதான் சந்தைக்கு வருகிறது. ‘தவறினால் திரும்ப எடுக்க இயலுமா’ என்ற கேள்வியை அதற்கு முன்னால் வைக்கவேண்டும் என்பதே பாரஃபினின் வரலாறு விட்டுச்சென்ற பாடம்.