ஒரு மணி நேரம் போதுமா? மலாக்காத் தமிழ்க் குடும்பங்களும் குறைஎடைக் குழந்தைகளுக்கான கங்காரு பராமரிப்பும்

1. முன்னுரை

பிறக்கும்போது 2500 கிராமுக்கும் குறைவான எடையுள்ள குழந்தை குறைஎடைக் குழந்தை எனப்படுகிறது. மலேசியாவில் ஏறத்தாழப் பத்தில் ஒரு குழந்தை இவ்வாறு பிறக்கிறது. இந்திய வம்சாவளித் தாய்மாரிடையே இவ்விகிதம் கூடுதலாக இருப்பதை உள்நாட்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. ஆகவே குறைஎடைக் குழந்தைப் பராமரிப்பு, மலாக்காவின் தோட்டங்களிலும் தாமான் எனப்படும் வீடமைப்புப் பகுதிகளிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு நேரடியான சிக்கல்.

குழந்தைக்கு அணையாடை, தொப்பி, காலுறை மட்டும் அணிவித்து, தாயின் வெறும் மார்பில் நிமிர்ந்த நிலையில் வைத்துத் துணியால் கட்டிக்கொள்வதும், தாய்ப்பாலை முதன்மை உணவாகக் கொடுப்பதும் கங்காரு பராமரிப்பின் அடிப்படை. அதன் பயன் குறித்து மருத்துவ உலகில் இன்று பெரிய ஐயம் இல்லை. மலாக்கா போன்ற, மருத்துவ வசதி மிகுந்த சிறு மாநிலத்தில் அது விரிவடைய எது தேவை என்பதே இக்கட்டுரையின் கேள்வி. கருவிகளையும் பயிற்சியையும் விடத் தாயின் நேரமே இங்குப் பற்றாக்குறையான பொருள் என்பது என் வாதம். அந்த நேரத்தை வார்டு, தொழிலாளர் சட்டம், வீட்டு வழக்கம் ஆகிய மூன்றும் பங்கிடுகின்றன. இம்மூன்றையும் ஒருங்கே திருத்தாமல் வார்டில் மட்டும் மாற்றம் செய்வது பாதிப் பயனையே தரும்.

2. சான்றுகள் சொல்லும் நேர அளவு

1970களின் இறுதியில் கொலம்பியத் தலைநகர் பொகோட்டாவின் தாய்–சேய் மருத்துவமனையில் இன்குபேட்டர்கள் போதாமல் ஒன்றில் இரண்டு மூன்று குழந்தைகளைப் படுக்க வைத்தனர். தொற்றும் இறப்பும் மிகுந்தன. அந்நிலையில் எட்கர் ரே சனாப்ரியா, எக்டர் மார்ட்டினெஸ் ஆகிய மருத்துவர்கள் தாயின் மார்பையே வெப்பத்தின் ஊற்றாக்கினர். குறைமாதக் குழந்தைக்குத் தோல் மெல்லியது, தோலடிக் கொழுப்பு குறைவு, எடையோடு ஒப்பிட உடற்பரப்பு அதிகம். அதனால் உடல் விரைவில் குளிர்கிறது. மார்பில் இருக்கும்போது அவ்வெப்ப இழப்பு குறைகிறது; மூச்சும் இதயத் துடிப்பும் சீராகின்றன; பால் சுரப்பு பெருகுகிறது.

வறுமையில் பிறந்த இம்முறை பின்னர் கடுமையான சோதனைகளுக்கு உள்ளாயிற்று. 2016ஆம் ஆண்டின் காக்ரேன் தொகுப்பாய்வு, உடல்நிலை சீரான பிறகு தொடங்கும் கங்காரு பராமரிப்பு இறப்பை ஏறத்தாழ 40 விழுக்காடு குறைப்பதாகக் கண்டது. 2021இல் வெளியான ஐந்து நாட்டுச் சோதனை இன்னும் ஒரு படி முன்னே சென்றது. கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய நாடுகளில், 1000 முதல் 1799 கிராம் வரை எடையுள்ள 3211 குழந்தைகளில் ஒரு பிரிவினருக்கு, உடல்நிலை சீராகும்வரை காத்திராமல் பிறந்த உடனேயே பராமரிப்பு தொடங்கியது. 28 நாட்களுக்குள் இறந்தோர் அப்பிரிவில் 12.0 விழுக்காடு, வழக்கமான பிரிவில் 15.7 விழுக்காடு. பலன் இவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் சோதனை முன்கூட்டியே நிறுத்தப்பட்டது.

அச்சோதனையில் நம் விவாதத்துக்கு முக்கியமான எண் வேறொன்று. தீவிரச் சிகிச்சைப் பிரிவில் இருந்த காலத்தில், பலன் கண்ட குழந்தைகள் ஒரு நாளில் ஏறத்தாழ 17 மணி நேரம் மார்பில் இருந்தன. ஒப்பீட்டுப் பிரிவுக் குழந்தைகள் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். இதைச் சாத்தியமாக்கத் தாயின் படுக்கையே தீவிரச் சிகிச்சைப் பிரிவுக்குள் கொண்டுவரப்பட்டது. 2022 நவம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை என்ற அளவைப் பரிந்துரைத்தது.

மலேசியச் சான்றை இந்த ஒளியில் படிக்க வேண்டும். மலேசிய தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையில் பூ நெம் யுன்னும் ஜம்லியும் நடத்தி 2007இல் வெளியிட்ட சோதனையில், 1501 கிராமுக்குக் குறைவான குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் மட்டுமே தோல் தொடுகை கிடைத்தது. அந்தச் சிறு அளவுக்கே, வீடு திரும்பும்போது தாய்ப்பால் குடித்த குழந்தைகளின் விகிதம் ஏறத்தாழ இரு மடங்காயிற்று. தலைச் சுற்றளவின் வளர்ச்சியும் மேம்பட்டது. ஒரு மணி நேரம் பயனற்றதன்று என்பதற்கு இது நல்ல சான்று. ஆனால் பதினான்கு ஆண்டுகள் கழித்து வந்த பன்னாட்டுச் சோதனையில் ஏறத்தாழ அதே அளவு ஒப்பீட்டுப் பிரிவின் அளவாகிவிட்டது. ‘எங்கள் வார்டிலும் கங்காரு உண்டு’ என்று சொல்வது இனிப் போதாது. எத்தனை மணி நேரம் என்று கேட்க வேண்டும்.

3. தோட்ட வரலாறும் தாயின் நேரமும்

மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில், 1896இல் டான் சே யானால் தொடங்கப்பட்டது. அதன்பின் ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் பெருகிய தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்களில் பெண்களும் மரம் சீவினர். ரப்பர்ப் பால் வெயிலுக்கு முன் இறங்க வேண்டும் என்பதால் வேலை இருட்டிலேயே தொடங்கும். கைக்குழந்தை ஆயாக் கொட்டகைக்குப் போகும். 1920களின் தொழிலாளர் சட்டங்கள் பேறுகாலப் படியையும் குழந்தைக் காப்பகத்தையும் நிர்வாகத்தின் கடமையாக்கின. 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குடியிருப்பு வசதிச் சட்டத்திலும் தோட்டக் காப்பகத்துக்கு இடம் உண்டு. இவை உழைத்துப் பெற்ற உரிமைகள். எனினும் அவற்றின் அடிப்படைக் கணக்கு ஒன்றுதான்: குழந்தையைத் தாயிடமிருந்து எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு பாதுகாப்பாகப் பிரிக்கலாம்?

சுதந்திரத்தை ஒட்டி அரசு கட்டிய கிராமச் சுகாதாரச் சேவை கம்பங்களை, அதாவது மலாய்க் கிராமங்களை, மையமாகக் கொண்டது. தோட்டமோ தனியார் நிலம். அங்கு மருத்துவம் நிர்வாகத்தின் பொறுப்பு, நடைமுறையில் டிரஸர் எனப்பட்ட மருத்துவ உதவியாளரின் பொறுப்பு. பின்னர் ரப்பர் செம்பனையாயிற்று, தோட்ட நிலங்கள் பல வீடமைப்புக்குப் போயின, குடும்பங்கள் மலாக்கா நகரத்தின் விளிம்புகளுக்கும் ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா போன்ற ஊர்களுக்கும் பெயர்ந்தன. இதில் ஒரு லாபமும் ஒரு நட்டமும் உண்டு. அரசு கிளினிக் அருகில் வந்தது. ஆனால் லயம் என்ற தோட்டத்து வரிசை வீடுகளில் கூப்பிடு தூரத்தில் இருந்த பாட்டியும் அத்தையும் இப்போது வேறு ஊரில் இருக்கிறார்கள். பதினேழு மணி நேரத்தைத் தாய் ஒருத்தியால் தர இயலாது. பன்னாட்டுச் சோதனையிலும் மாற்றாள் இருந்தார். தோட்டத்தை விட்டு வந்த குடும்பம் இழந்தது அந்த மாற்றாளைத்தான்.

4. வார்டைக் காணாத குழந்தை

கங்காரு பராமரிப்பு என்றதும் ஒரு கிலோ குழந்தையும் குழாய்களும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் எண்ணிக்கையில் மிகுந்தவை 1800 முதல் 2499 கிராம் வரையுள்ள குழந்தைகள். இவற்றில் பல நிறைமாதத்தில் பிறந்தும் கருப்பையில் போதிய வளர்ச்சி பெறாதவை. ‘சின்னதா இருக்கு, ஆனா நல்லா இருக்கு’ என்று ஓரிரு நாளில் வீட்டுக்கு அனுப்பப்படும் இவற்றுக்குத் தீவிரச் சிகிச்சைப் பிரிவின் எந்தச் சீர்திருத்தமும் எட்டாது.

இவற்றுக்கான சான்று ஹரியானாவிலிருந்து வருகிறது. 1500 முதல் 2250 கிராம் வரை எடையுள்ள 8402 குழந்தைகளிடம் நடந்து 2019இல் வெளியான சோதனையில், களப்பணியாளர்கள் வீட்டுக்கே சென்று கங்காரு பராமரிப்பைக் கற்றுக்கொடுத்தனர். முதல் மாத இறப்பு 30 விழுக்காடு குறைந்தது. அதே நேரத்தில் எத்தியோப்பியாவிலும் இந்தியாவிலும் நடந்த விரிவாக்க ஆய்வு ஓர் எச்சரிக்கையைத் தருகிறது: மருத்துவமனையில் நன்றாக நடந்தது, கர்நாடகத்தில் வீடு திரும்பி ஒரு வாரத்துக்குள் கணிசமாகக் குறைந்தது. வீட்டில் வந்து பார்க்க ஒருவர் வேண்டும். மலேசியாவில் அதற்கான ஆள் ஏற்கெனவே இருக்கிறார். பேற்றுக்குப் பின் கிளினிக்கின் சமூகத் தாதியர் வீடு தேடி வருகின்றனர். எடை பார்க்கின்றனர், தொப்புளைப் பார்க்கின்றனர், மஞ்சள் காமாலையைப் பார்க்கின்றனர். ‘நேற்று எத்தனை மணி நேரம் மார்பில் வைத்திருந்தீர்கள்?’ என்ற ஒரு கேள்வியையும் பதிவேட்டில் அதற்கு ஒரு கட்டத்தையும் சேர்க்கப் புதிய துறை எதுவும் தேவையில்லை.

5. பத்தியத்தின் இரு முகங்கள்

தமிழ்க் குடும்பத்தின் பிள்ளைப்பேற்று வழக்கங்களை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவதும், மரபு என்று அப்படியே போற்றுவதும் எளிது. இரண்டுமே பயன் தராது. பத்தியக் காலம் தாய்க்கு ஒரு மாத ஓய்வைத் தருகிறது, சமையலிலிருந்து விடுவிக்கிறது, தாய்வீட்டில் இருத்துகிறது. நாள் முழுதும் குழந்தையை மார்பில் வைத்திருக்க இதைவிடப் பொருத்தமான ஏற்பாட்டை எந்தச் சுகாதார அமைச்சும் வடிவமைக்க முடியாது. குழந்தை வீட்டில் இருக்கும்வரை பத்தியம் கங்காரு பராமரிப்பின் கூட்டாளி.

குழந்தை வார்டில் இருந்தால் அதே வழக்கம் தடையாகிறது. தீட்டு, காற்றுப் படக்கூடாது, வெளியே போகக்கூடாது என்ற காரணங்களால் தாய் வீட்டிலும் குழந்தை மருத்துவமனையிலும் பிரிந்திருக்க நேர்கிறது. கறந்த பாலைத் தந்தை கொண்டுபோகிறார். அதேபோல் அன்றாடக் குளியலும் அதன்பின் போடும் சாம்பிராணிப் புகையும் இரண்டு கிலோக் குழந்தைக்கு உகந்தவையல்ல. முன்னது உடலைக் குளிர்விக்கிறது, பின்னது மூச்சைப் பாதிக்கிறது. ஆகவே பேச வேண்டியது தாயிடம் மட்டுமன்று, வழக்கத்தைக் காப்பவரிடம், அதாவது பாட்டியிடம். அவரையே இரண்டாவது மார்பாக அழைத்தால், தடைபோடுபவர் பொறுப்பாளராகிறார். கர்ப்பகாலப் பரிசோதனைகளின்போதே, தமிழில், பாட்டியும் உடனிருக்க இது தொடங்க வேண்டும்.

6. இரண்டு மறுப்புகள்

மலேசியாவில் பச்சிளங்குழந்தை இறப்பு ஆயிரத்துக்கு 4ஐ ஒட்டியே உள்ளது. ஏழை நாடுகளின் முடிவு இங்கு எப்படிப் பொருந்தும் என்பது முதல் மறுப்பு. இறப்புக் குறைவு இங்கு அதே அளவில் கிடைக்காது என்பதை ஏற்கலாம். ஆனால் தாய்ப்பால் பற்றிய பயன் உள்நாட்டிலேயே நிறுவப்பட்டுவிட்டது. தொற்றும் உடல் குளிர்தலும் குறைவது வளமான வார்டுக்கும் வேண்டிய பயன்களே. இன்குபேட்டருக்குக் குறைவில்லாத ஸ்வீடனிலும் இது அன்றாட நடைமுறை.

இரண்டாவது மறுப்பு செவிலியர் சுமை. மூச்சுக்கருவியோடு இணைந்த குழந்தையை மார்புக்கு மாற்றக் கைகளும் கவனமும் தேவை என்பது உண்மை. ஆனால் சுமை மாற்றும் பொழுதுகளில்தான் மிகுதி. ஒரு மணி நேரத்துக்காக எடுத்துவைத்துத் திரும்பக் கிடத்துவதைவிட, ஆறு மணி நேரம் தொடர்ந்து வைத்திருப்பதில் ஒவ்வொரு மணி நேரத்துக்குமான வேலை குறைவு. குறுகிய அமர்வுகளே செலவு மிகுந்தவை.

7. முடிவுரை

2023 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவில் மகப்பேறு விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாயிற்று. தந்தைக்கு 7 நாள் விடுப்பும் வந்தது. பெரிய முன்னேற்றம். ஆனால் இக்கணக்கு நிறைமாதக் குழந்தையை மனத்தில் வைத்தது. எட்டு வாரம் வார்டில் இருக்கும் குழந்தையின் தாய்க்கு, வீடு திரும்பும் நாளில் எஞ்சுவது 42 நாள். தந்தையின் ஏழு நாள் குழந்தை வீடு திரும்பும் முன்பே தீர்ந்துவிடும். ஒப்பந்த வேலையிலோ நாள்கூலியிலோ இருப்பவருக்கு அதுவும் உறுதியில்லை.

எனவே மூன்று மாற்றங்கள் ஒன்றாக வர வேண்டும். முதலாவதாக, குழந்தை மருத்துவமனையில் இருக்கும் நாட்களை மகப்பேறு விடுப்போடு கூட்ட வேண்டும். இரண்டாவதாக, மலாக்கா மருத்துவமனையில் தாயோ மாற்றாளோ இரவு பகல் தங்கும் இடம் சிகிச்சையின் ஓர் அங்கமாகக் கருதப்பட வேண்டும். அதோடு, எடை கூடுவதற்காக மட்டும் காத்திருக்கும் குழந்தைகளை ஜாசின், அலோர் காஜா மருத்துவமனைகளுக்கு மாற்றிப் பராமரிக்கும் வாய்ப்பை ஆராய வேண்டும், அது குடும்பத்தின் பயணத்தைக் குறைக்கும். மூன்றாவதாக, தோல் தொடுகை நேரம் எடையைப் போலவே அன்றாடம் பதியப்பட வேண்டும், வார்டிலும் வீட்டிலும். முதலாவது நாடாளுமன்றத்தின் கையில் உள்ளது. இரண்டாவதற்குப் பணம் வேண்டும். மூன்றாவதை ஒரு மாவட்டச் சுகாதார அலுவலகம் இந்த ஆண்டே தொடங்கலாம், அந்தப் பதிவே மற்ற இரண்டுக்குமான வாதத்தை எண்களாகத் திரட்டித் தரும்.