அக்கி எழுதிய கைகள்

அக்கி வந்தால் குயவர் வீட்டுக்குப் போய் எழுதிக்கொண்டு வருவது பல்லடம் வட்டாரத்தில் நெடுநாள் வழக்கம். காவிக்கல்லைத் தண்ணீர் விட்டு உரசி, அந்தச் சிவப்புக் குழம்பை இறகாலோ விரலாலோ கொப்புளங்களைச் சுற்றிப் பூசுவார்கள். சிலர் சிங்கம் வரைவார்கள். சிங்கத்தைக் கண்டால் அக்கி ஓடிவிடுமாம். மூன்று நாள் எழுத வேண்டும். அதுவரை தலைக்குக் குளிக்கக் கூடாது, எண்ணெய்ப் பலகாரம் ஆகாது. கூலி கிடையாது, வெற்றிலை பாக்கு மட்டும்.

இந்த வேலை குயவர் கைக்கு ஏன் போனது? உடுமலை பக்கம் சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோவிலில் மாட்டுப்பொங்கலுக்குக் குவியும் மண் உருவாரங்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிராக இருக்காது. மாட்டுக்கு நோய் என்றால் மண்ணில் மாடு செய்து சாமிக்கு வைக்கிறோம். அதைச் செய்கிற குயவர் கைக்கு நோயை இறக்கவும் தெரியும் என்று ஊர் நம்பியிருக்கும். இது என் ஊகம்தான்.

அருள்புரம், கரைப்புதூர் பக்கம் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எழுதுகிறவர்களோடு எனக்கு வாக்குவாதம் உண்டு. ஆனால் அவர்களுடைய கண் லேசுப்பட்டதல்ல. எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் காவியைத் தொடுமுன் இரண்டு விஷயம் பார்ப்பார். கொப்புளம் வருவதற்கு முன்பே அந்த இடம் எரிந்ததா, குத்தியதா என்று கேட்பார். பிறகு சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகையும் வயிற்றையும் பார்ப்பார். முதுகெலும்பில் தொடங்கி ஒரு பக்கமாகவே வந்து தொப்புளுக்கு நேராக நின்றுவிட்டால் அக்கி. "ரெண்டு முனையும் கூடுச்சுன்னா ஆளு தங்காதுங்க" என்பார்.

உயிர் போகும் என்பது மிகை. ஆனாலும் தோல் மருத்துவர் பார்ப்பதும் இதே அடையாளங்களைத்தான்: முதலில் வலி, பிறகு சிவந்த தோலில் கொத்துக் கொத்தாக நீர்க்கொப்புளம், நடுக்கோட்டைத் தாண்டாத அரைப்பட்டை. இந்தப் பட்டை ஏன் இப்படி அமைகிறது என்பதை இங்கிலாந்தில் ஹென்றி ஹெட், கேம்பெல் என்ற இரு மருத்துவர்கள் 1900-ல் எழுதினார்கள். அக்கி கண்டு, பின்னால் இறந்துபோன 21 பேரின் உடலை அறுத்துப் பார்த்தபோது, தண்டுவடத்தை ஒட்டிய நரம்பு முடிச்சில் சேதம் தெரிந்தது. ஒரு முடிச்சிலிருந்து போகும் நரம்பு தோலின் எந்தப் பட்டையை ஆள்கிறதோ அங்கேதான் கொப்புளம். மனிதத் தோலின் நரம்பு வரைபடத்தையே அவர்கள் அக்கியை வைத்துத்தான் பெரும்பாலும் வரைந்தார்கள். சின்ன வயதில் வந்த சின்னம்மைக் கிருமி அந்த முடிச்சிலேயே பல வருடம் படுத்திருந்து மறுபடி எழுகிறது என்ற விளக்கத்தை 1965-ல் வெளியிட்டவர் ஹோப்-சிம்சன், அங்கே ஒரு சிறு நகரில் குடும்ப மருத்துவராக இருந்தவர். எனக்கு அவர்மேல் தனிப் பிரியம். ஆராய்ச்சிக்கூடம் கண்டுபிடித்ததாக இல்லாமல், வீடு வீடாகப் போய்ப் பார்த்தவர் கண்டுபிடித்ததாக இருக்கிறதே!

பனியன் கம்பெனிகள் பெருகப் பெருக இங்கே அக்கியின் எல்லை குழம்பிப்போனது. தேனியிலிருந்தும் மதுரையிலிருந்தும், பிறகு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் ஒரே அறையில் பத்துப் பேராகத் தங்கினார்கள். தோலில் எது வந்தாலும் பெயர் அக்கிதான். மழை விட்ட நாட்களில் நைட் ஷிப்ட் முடிந்து வரும் பையன்கள் கழுத்தில் தீக்கோடு இழுத்தது போன்ற புண்ணோடு நிற்பார்கள். அது டியூப் லைட்டுக்கு வரும் ஒரு சின்ன வண்டின் வேலை. ஆரஞ்சும் கறுப்புமாக, எறும்பு மாதிரி நீளமாக இருக்கும். கடிக்காது, கொட்டாது, மேலே ஊரும்போது நசுக்கித் தேய்த்தால் அதன் உடம்புச் சாறு பட்ட இடமெல்லாம் மறுநாள் வெந்துபோகும். முழங்கை மடிப்பில் பட்டால் மேலும் கீழும் ஒரே அச்சு விழும். அக்கிக்கு அந்த அச்சு கிடையாது.

இடுப்புதான் ரொம்பக் குழப்பும். ஜட்டி எலாஸ்டிக் ஒவ்வாமல் அரித்தால் இடுப்பைச் சுற்றி இரண்டு பக்கமும் தடம் இருக்கும். படர்தாமரை என்றால் ஓரம் தடித்து, நடுவில் தெளிந்து, வட்டமாகப் பரவும். இரண்டும் அரிக்கும், அக்கியில் முன்னால் நிற்பது எரிச்சலும் குத்தலும். இது தெரியாமல் மெடிக்கலில் ஸ்டீராய்டு கலந்த களிம்பை வாங்கித் தேய்த்த படர்தாமரைகள் ஓரம் மறைந்து, உருமாறி, அடங்காமல் பரவியதைத் தனியாகவே எழுதலாம்.

இன்னொன்றும் இருந்தது. அக்கி பெரும்பாலும் ஐம்பது தாண்டியவர்களின் நோய். 1986-ல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் எச்.ஐ.வி.யை இந்தியாவில் முதன்முதலாகக் கண்டுபிடித்துச் சொன்ன பிறகு வந்த வருடங்களில், இருபத்தைந்து வயதுக்காரருக்கு அக்கி என்றால் எதிர்ப்புச் சக்தி குறைந்ததன் அடையாளமாக இருக்கலாம் என்று ரத்தப் பரிசோதனைக்கும் அனுப்பினோம். காவி பூசித் திண்ணையில் உட்காரவைத்தால் அந்தச் செய்தி அங்கேயே நின்றுவிடும். நான் வாக்குவாதம் செய்தது இதற்காகத்தான்.

காவியால் கெடுதலா என்று கேட்பார்கள். அதில் இருப்பது களிமண்ணும் இரும்பு ஆக்சைடும். ஆஸ்பத்திரியில் கொடுக்கும் காலமைன் லோஷனின் ரோஸ் நிறமும் சிறிதளவு இரும்பு ஆக்சைடால் வருவதே. இரண்டும் குளுமையாக இருக்கும், இரண்டும் கிருமியைத் தொடாது. அக்கி இரண்டு முதல் நான்கு வாரத்தில் தானாகக் காயும். அந்தப் பெருமை எழுதியவருக்குப் போய்விடும். ஆனால் புண் ஆறியும் மாதக்கணக்கில் நிற்கும் நரம்பு வலி வயதானவர்களைப் படுத்தி எடுத்துவிடும். அசைக்ளோவிர் மாத்திரையைக் கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. எழுதும் மூன்று நாள் கணக்கும் இதே 72 மணி நேரம்தான் என்பது வயிற்றெரிச்சல்.

முகத்தில் மட்டும் அந்தப் பெரியவர் எழுத மாட்டார். மூக்கு நுனியில் ஒரு கொப்புளம் தெரிந்தாலும் காவிக்கல்லை எடுத்து வைத்துவிடுவார். "கண்ணுக்குப் போயிருமுங்க, பல்லடம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருங்க" என்பார். மூக்கு நுனிக்குப் போகும் நரம்புக்கிளை கண்ணுக்கும் போகிறது. அங்கே கொப்புளம் வந்தால் கண்ணுக்கு ஆபத்து என்று 19-ஆம் நூற்றாண்டில் ஜானதன் ஹட்சின்சன் என்ற மருத்துவர் எழுதிவைத்த அடையாளம் அது, இன்றும் அவர் பெயரில்தான் வழங்குகிறது. பெரியவர் அதைத் தன் அப்பாவிடம் கற்றாராம். முகத்தில் அக்கி கண்டு நேரத்தோடு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தவர்களில் பலர் அவர் திண்ணையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்கள்.