போகச் சொன்னபோது போகாத மாணவர்

கி.பி. 838. ஜப்பான் தூதுக்குழுவோடு சீனாவின் யாங்சோ நகருக்கு வந்தார் எனின் என்ற புத்தத் துறவி. வயது நாற்பதைத் தாண்டியிருந்தாலும் வந்தது மாணவராகத்தான். தியந்தாய் மலையில் போய்ப் படிக்க ஆசை. டாங் அரசு அனுமதி தரவில்லை. குழுவோடு ஊர் திரும்பச் சொல்லிவிட்டது.

மனிதர் கேட்கவில்லை! 839ல் கப்பலை விட்டு இறங்கி, ஷாண்டோங் கடற்கரையில் கொரியர்களின் மடம் ஒன்றில் தங்கினார். கொரியர்களின் உதவியால் 840ல் அனுமதிச் சீட்டும் கிடைத்தது. வாரக்கணக்கில் நடந்து வூதாய் மலையை அடைந்தார்.

ஐந்து முகடுகள் கொண்ட அந்த மலை மஞ்சுஸ்ரீயின் இருப்பிடம் என்பது நம்பிக்கை. பிச்சைக்காரி வடிவில்கூட அவர் வரலாம் என்பதால், அங்கே விருந்தில் ஏழை, பணக்காரன் எல்லோருக்கும் ஒரே அளவு சாப்பாடு. இதை எனின் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்.

பிறகு தலைநகர் சாங்கான். அங்கே பேரரசர் வூசோங் புத்த மதத்தை ஒடுக்கத் தொடங்கினார். ஊர் திரும்ப எனின் பலமுறை மனு கொடுத்தும் அனுமதி இல்லை. 845ல் துறவிகளின் காவியைக் களையச் செய்தபோதுதான் அவரும் வெளியேற்றப்பட்டார்.

847ல் ஜப்பான் திரும்பினார். மடங்கள் பல இடிந்துபோயின. அவற்றில் அவர் கண்டதோ நான்கு சுருள்களில் இன்றும் இருக்கிறது.