வேடமும் முகமும்

கபுகி நாடக நடிகர்களை வேடத்தோடு காட்டும் மரக்கட்டை அச்சுப் படத்துக்கு ஜப்பானிய மொழியில் ‘யக்குஷா-எ’ என்று பெயர். ‘எ’ படம், ‘ஷா’ ஆள். நுட்பமெல்லாம் ‘யக்கு’வில் இருக்கிறது. மேடையில் கட்டும் வேடத்துக்கும் அதுதான் சொல், ஏற்ற பொறுப்புக்கும் அதுதான். அரசு அலுவலகம் ‘யக்குஷோ’, அதிகாரி ‘யக்குனின்’. ஆக, யக்குஷா என்பவர் ஒரு பொறுப்பை ஏற்றவர். கோயில் சடங்கில் பணி ஏற்றவரைக் குறித்த சொல், நோ நாடகக்காரர் வழியாகக் கபுகிக்காரரிடம் வந்து சேர்ந்தது.

‘கபுகி’யின் வேர் கோணிச் சாய்வதைக் குறிக்கும் ‘கபுகு’. கோணங்கித்தனமாக உடுத்தித் திரிந்த முரடர்களைக் ‘கபுகிமோனோ’ என்றார்கள். 1603-இல் கியோத்தோவில் ஒகுனி என்ற பெண் அவர்களைப் போல் வேடம் கட்டி ஆடினாள். ‘கபுகி’ என்று எழுத ஒலிக்காகப் பொருத்திய மூன்று எழுத்துகளில் கடைசி எழுத்து முன்பு கணிகையைக் குறித்தது. பின்னாளில் அதைத் ‘திறன்’ என்று மாற்றி மானத்தைக் காத்துக்கொண்டார்கள். 1629-இல் பெண்கள் மேடையேறத் தடை வந்தது. பெண் வேடமும் ஆண்களுக்கே போயிற்று.

தொடக்ககாலப் படங்களில் வேடம் இருந்தது, ஆள் இல்லை. தோரீ மரபு ஓவியர்கள் வீரர்களுக்கெல்லாம் ஒரே கால்தான் வரைந்தார்கள். அந்தப் பாணியின் பெயரே ‘சுரைக்குடுக்கைக் கால், மண்புழுக் கோடு’. நடித்தவர் யாரென்று உடையிலுள்ள குலச்சின்னமும் ஓரத்தில் எழுதிய பெயரும் சொல்லியாக வேண்டும். 1770 வாக்கில் கட்சுகாவா ஷுன்ஷோ மூக்கையும் தாடையையும் ஆளுக்கு ஆள் மாற்றினார். ‘நிகாஓ-எ’, அதாவது முகம் ஒத்த படம், என்ற சொல்லுக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

1794-இல் வந்த ஓவியர் ஷாரகு இதை விளிம்புவரை இழுத்தார். பத்து மாதத்தில் ஏறத்தாழ 140 படங்கள். பிறகு ஆளையே காணோம். பெண் வேடத்தின் பட்டுக்கும் வெள்ளைப் பூச்சுக்கும் அடியில் ஆணின் கனத்த தாடையை அவர் மறைக்கவில்லை. அபிமான நடிகரின் அழகுக்காகக் காசு கொடுத்த ரசிகருக்கு இது கசந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

1842-இல் அரசின் தென்போ சீர்திருத்தம் நடிகர் படங்களுக்குத் தடை போட்டது. சில ஆண்டுகளில் பதிப்பாளர்கள் நடிகர் பெயரை விட்டுவிட்டு மீண்டும் அச்சடித்தார்கள். வாங்கியவருக்கு முகம் போதுமாயிருந்தது.

நிகாஓ-எ இன்றும் வழக்கில் இருக்கிறது. சுற்றுலாத் தலத்தில் உட்காரவைத்துச் சில நிமிடத்தில் வரைந்து தரும் படத்துக்கும், சாட்சி சொல்லக் கேட்டுக் காவல்துறை வரையும் குற்றவாளிப் படத்துக்கும் ஜப்பானில் அதுவே பெயர்.