கல்லை எண்ணியதும் சிப்பியை எண்ணியதும்

கொற்கை முத்தின் புகழை அகநானூறும் மதுரைக்காஞ்சியும் பேசுகின்றன. தமிழகத்துக்கு வெளியே வாழும் நாம், நம் பிள்ளைகளுக்கு அப்புகழை விழாதோறும் எடுத்துரைக்கிறோம். ஆயினும், அம்முத்தை எடுக்க எத்தனை பேர் கடலில் இறங்கலாம், அதனை வரையறுத்தவர் யார், எதனைக் கொண்டு வரையறுத்தனர் என்னும் வினாக்களை நாம் எழுப்புவது அரிது. உரிமமும் கோப்பும் அன்றாட வாழ்வாகிவிட்ட நம்மனோர்க்கு இவ்வரலாறு சுவை தருவது, படிப்பினையும் தருவது.

மன்னார் வளைகுடாவில் முத்துச்சிப்பி விளையும் கடலடித் திட்டுகளைப் 'பார்' என்பர். முத்துக்குளிப்புக்குச் 'சலாபம்' என்று பெயர். குளியாளி ஒரு கல்லின்மேல் கால் வைத்துக் கயிற்றின் துணையோடு ஆழம் சேர்வான். மூச்சடக்கிச் சிப்பிகளை வாரிப் பையில் இடுவான். படகில் நிற்கும் துணையாள் அவனை மேலே இழுப்பான். கடல் அமைதியுறும் பங்குனி, சித்திரையில் சில வாரங்களே இத்தொழில் நடைபெறும். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரையைக் கண்ட மார்க்கோ போலோவும், ஏப்ரல் முதல் மே நடுப்பகுதி வரை குளிப்பு நிகழ்ந்தது என்றும், அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கு சேர்ந்தது என்றும் எழுதியுள்ளார்.

போர்ச்சுக்கீசியர்க்குப் பின், 1658இல் தூத்துக்குடி ஒல்லாந்தர் வசமாயிற்று. அக்காலத்தில் வரி கல்லுக்கு இவ்வளவு என்று விதிக்கப்பட்டது. மதுரை நாயக்கருக்கும் சேதுபதிக்கும் வரியில்லாக் கற்கள் சில உரிமையாக இருந்தன. எனவே ஒரு கல் என்பது, இன்றைய வழக்கில் சொன்னால், ஓர் உரிமம். குளிப்புக்கு முன் பாரைப் பார்வையிடும் வழக்கம் அன்றும் உண்டு. ஆனால் கல் மிகுந்தால் வரி மிகும். வரி வாங்குவோனே கற்களின் தொகையையும் குறைக்க வேண்டும் என்பது எளிதில் நடக்கக்கூடியதன்று.

இதன் விளைவு ஆங்கிலேயர் காலத்தில் வெளிப்பட்டது. 1796இல் இலங்கைக் கரையை ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றிய அவர்கள், 1796, 1797, 1798 என மூன்றாண்டுகள் இடைவிடாது சலாபம் நடத்தினர். தமிழகக் கரையினின்றும் குளியாளிகள் திரண்டு சென்றனர். கருவூலம் நிறைந்தது; பார்கள் வறண்டன. பின்னர் அவற்றுக்கு ஓய்வு கொடுப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

பட்டறிவினால் முறை திருந்திற்று. சிப்பி முதிர ஏறத்தாழ ஐந்தாண்டுகள் வேண்டும். ஆதலின் பாரில் மாதிரிச் சிப்பிகளை எடுத்து, அவற்றின் முத்துகளை மதிப்பிட்டு, பாரில் உள்ள சிப்பிகளின் தொகையைக் கணித்து, அதன்பின்னரே சலாபம் உண்டா இல்லையா என்பதையும் படகுகளின் எண்ணிக்கையையும் முடிவு செய்தனர். கல்லை எண்ணுவதற்கு முன் சிப்பியை எண்ணும் நெறி இது. இலங்கையில் 1905இல் நடந்த சலாபத்தில் 318 படகுகள் இறங்கின. 8 கோடிச் சிப்பிகள் எடுக்கப்பட்டன. மூன்றில் ஒரு பங்கு குளியாளிகளுக்குச் சேர்ந்தது.

அப்பெருவிளைச்சல் ஆசையைத் தூண்டியது. 1906இல் இலங்கைப் பார்கள் அனைத்தும் ஒரே ஆங்கிலக் கம்பெனிக்கு 20 ஆண்டுக் குத்தகையாக விடப்பட்டன. ஆண்டுக் குத்தகை 3,10,000 ரூபாய். உரிமம் பெற்றோர் பலரல்லர், ஒருவரே. இதனினும் குறுகிய வரையறை உண்டோ? ஆயினும் 1907க்குப் பின் பார்கள் கைவிட்டன. குத்தகைப் பணமோ ஆண்டுதோறும் கட்டவேண்டியிருந்தது. 1912இல் கம்பெனி கலைக்கப்பட்டது. உரிமத்தின் தொகையைச் சுருக்குவது மட்டும் காப்பாகாது, கடல் தரும் அளவையொட்டி அது கூடவும் குறையவும் வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

தூத்துக்குடிக் கரையில் 1955 முதல் 1961 வரை தொடர்ந்து சலாபம் நடந்தது. அதன்பின் இன்றுவரை நடைபெறவில்லை. இதற்குக் குளியாளிகளைப் பழிப்பது முறையன்று. இளஞ்சிப்பியைத் தின்னும் மீன்கள், பாரை மூடும் மணல், மாறும் நீரோட்டம் எனக் காரணங்கள் பல. மனிதன் வரையறுக்கக்கூடியது தன் கையை மட்டுமே, ஏனையவற்றை அன்று.

சலாபம் இல்லாத ஆண்டுகளில் குளியாளியின் அடுப்பு எரிவது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடையாக இருந்தது சங்கு குளித்தல். அங்கும் உரிமம் உண்டு. அங்கும் குறித்த விட்டத்துக்குக் குறைந்த சங்கைக் கடலிலேயே விட்டுவிட வேண்டும் என்பது விதி. இன்று வங்க மங்கையர் மணநாளில் அணியும் வெண்சங்கு வளையைக் காணும்போது, நம் கரைக் குளியாளியின் மூச்சும் அவ்விதியும் அதனுள் அடங்கியிருப்பதை நாம் நினைத்தல் தகும்.

வரையறை என்றாலே ஏழையின் தொழிலைப் பறிப்பது என்று சிலர் கருதுவர். வரையறுத்த காலத்தில் அவனுக்கு வேறு பிழைப்பு வகுக்கப்படாவிடில் அக்கருத்து மெய்யே. ஆனால் வரையறையே இல்லாவிடில், இவ்வாண்டு நிறையும் படகு வரும் ஆண்டுகளில் கரையில் கிடக்கும். முதலில் சிப்பியை எண்ணுக. பின்னர்க் கல்லை எண்ணுக. இடையில் குளியாளியின் குடும்பத்தையும் எண்ணுக. முத்துக்குளித்துறையின் நெடிய வரலாறு நமக்குச் சொல்வது இதுவே.