மாதாவும் அகதியான கதை

எறிகணைக்குத் தப்பி மனிதர் கோயிலுக்கு ஓடுவது நாம் கண்டு பழகிய காட்சி. கோயிலில் இருந்து மாதாவே ஓட நேர்ந்த கதை மன்னார் மண்ணில் இரு தடவைகள் நிகழ்ந்திருக்கின்றது.

1658 இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடம் இருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், கத்தோலிக்கக் குருமாருக்கு அடைக்கலம் கொடுப்போருக்கு மரண தண்டனை என அதே ஆண்டிலேயே கட்டளையிட்டனர். அவர்களும் யேசுவைத் தொழுதவர்களே! (போர்த்துக்கேயர் சைவக் கோயில்களை இடித்ததையும் நாம் மறந்துவிடலாகாது.) 1670 அளவில் மாந்தையைச் சேர்ந்த சுமார் 20 குடும்பங்கள் மாதாவின் சுரூபத்தைச் சுமந்துகொண்டு வன்னிக் காட்டினுள் புகுந்தன என்பது மரபு. ஒல்லாந்தரின் கை எளிதில் எட்டாத மருதமடு அவர்களது புகலிடமாயிற்று. பாம்புகள் நிறைந்த காடு அது. மடு மண் விஷக்கடிக்கு மருந்து என்ற நம்பிக்கை இன்றும் நிலவுகின்றது.

யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்தது என்னை அதிகம் கவர்கின்றது. 1687 இல் கோவாவைச் சேர்ந்த யோசேப் வாஸ் அடிகளார் ஏழைக் கூலியாளின் கோலத்தில் அங்கு வந்து சேர்ந்தார். எவர் கத்தோலிக்கர் என்று வாய்விட்டுக் கேட்க முடியாத காலம். செபமாலையைக் கழுத்தில் வெளியே தெரிய அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சைக்குச் சென்றார். அதைக் கண்டதும் எவரது முகம் மாறுகின்றது என்று கவனித்தார். ஏறத்தாழ 30 வருடங்களாகப் பூசையோ பாவசங்கீர்த்தனமோ இன்றி, வீட்டினுள் முணுமுணுத்த செபத்துடன் மாத்திரம் வாழ்ந்த மக்களை அவர் அவ்வாறே கண்டுபிடித்தார். சில்லாலை அவருக்கு அடைக்கலம் கொடுத்தது. அகப்பட்டிருந்தால் அவ்வூரவர் உயிரையே விலையாகக் கொடுத்திருக்க வேண்டும். 2015 இல் அவர் புனிதராக உயர்த்தப்பட்டபோது எனக்கு அவ்வூரவரின் நினைவே முதலில் வந்தது.

நான் கத்தோலிக்கன் அல்லன். ஆயினும் 1990 களில் மடு வளாகத்தில் ஆயிரக்கணக்கான அகதிகள், சைவர்களும் உட்பட, தங்கியிருந்தமை பற்றிச் செய்திகள் எழுதியிருக்கின்றேன். 1999 நவம்பர் 20 இல் அங்கு எறிகணைகள் விழுந்து சுமார் 40 பேர் மாண்ட செய்தியை எழுதுகையில், ‘புகலிடம்’ என்ற சொல்லில் என் பேனா தயங்கி நின்றது.

2008 ஏப்ரலில் போர் கோயிலை நெருங்கவே, குருமார் சுரூபத்தைத் தேவன்பிட்டிக்கு எடுத்துச் சென்றனர். அதே ஆண்டு ஆகஸ்டில் அது மடுவுக்கு மீண்டது. அந்நாட்களில் மேற்கு வன்னி மக்கள் மூட்டை முடிச்சுகளுடன் கிளிநொச்சியை நோக்கி நடந்து கொண்டிருந்தனர்.